வழியில் இருக்கிற பணம்

கென்னியின் கேஸ் லாரி ஹெல்வியின் வீட்டைத் தாண்டிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. குளிர் பூஜ்யத்துக்கு இருபது கீழே. நான் எதிர்வீட்டுக்காரன். பனி தள்ளுவது என் பிழைப்பு. வண்டியின் முன்பலகையில் ஒட்டியிருந்த பனிக்கட்டியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். லாரி என் வீட்டில் நின்று டேங்கை நிரப்பியது. அடுத்தது ஹெல்வி வீடு. அங்கே நிற்கவில்லை. கென்னி கடன்காரனைக் கண்டவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டினான்.

ஹெல்வி வீட்டுச் செருப்போடு வாசலுக்கு ஓடிவந்தாள். தலையில் அவள் வேலை செய்யும் பாஸ்டிக் கடையின் வலைத்தொப்பி இன்னும் இருந்தது.

"ரூடி, வண்டிய எடு."

"பூட்ஸ் போட்டுக்கிட்டு வா."

"எடுன்னா எடுடா."

லூத்தரன் தேவாலயத்துப் பின்பக்கம் கென்னியைப் பிடித்தோம். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பாதிரியார் வீட்டு டேங்குக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"ஏன் கென்னி, எங்க வீடு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது அக்கா. மெஷின் திறக்க மாட்டேங்குது. உங்க பேர அடிச்சா சிவப்பு காட்டுது. ரெண்டு மாசப் பாக்கியாம்."

"போன வியாழக்கிழமையே கட்டிட்டேன். ரெண்டு மாசத்துக்கும் சேத்து."

போனை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அறுநூறு டாலர். 'பணம் எடுக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் இருந்தது. கென்னி கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு முறை படித்தான்.

"கட்டினது மாதிரிதான் இருக்கு. ஆனா டோரிஸ் திறந்துவிட்டாத்தான் எனக்குத் திறக்கும். என்கிட்ட இருக்கிறது வெறும் குழாய்தான் அக்கா."

அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவனும் கூலிக்காரன்.

ஹெல்வியின் கணவன் வெய்க்கோ மரம் வெட்டுபவன். செப்டம்பரில் மேப்பிள் மரம் ஒன்று சுழன்று விழுந்து இடுப்பை நொறுக்கியது. இரண்டு அறுவைசிகிச்சை ஆயிற்று. ஊரே கூடி ஸ்பகெட்டி விருந்து வைத்து, தகர டப்பா ஏந்தி, ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தோம். வழக்கமாக அக்டோபரில் அவன் வீட்டுப் பின்புறம் ஆளுயரத்துக்கு விறகு அடுக்கியிருக்கும். இந்த வருஷம் ஒரு சுள்ளிகூட இல்லை. அதனால் வீட்டைச் சூடாக்க முழுக் குளிர்காலமும் கேஸ் அடுப்பை நம்பித்தான். ஹெல்வி விடியற்காலையில் பாஸ்டிக் கடையில் மாவு பிசைவாள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ருட்டபேகாக் கிழங்கு எல்லாம் வைத்து மடித்து, பாஸ்டிகளைச் சுட்டு முடித்ததும், பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஓடுவாள். டோரிஸின் அலுவலகம் நாலு மணிக்கு மூடிவிடும். இவள் வேலை ஐந்துக்குத்தான் முடியும். வியாழக்கிழமை மட்டும் வங்கி ஆறு மணி வரை திறந்திருக்கும். அங்கே கவுன்ட்டரில் இருக்கும் கார்லா ஹெல்வியின் அண்ணன் மகள். "நீங்க ஏன் அத்தை அலையணும்? போன்லயே கட்டலாமே" என்று அவள்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்தாள். ஹெல்வி பொத்தானை அமுக்கினாள். அமுக்கிய நொடியே பணம் போனது. போன பணம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பினாள். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

கேஸ் அலுவலகமும் வங்கியும் எங்கள் ஊர் ஹெம்லாக்கின் பெரிய தெருவில் எதிரெதிராக இருக்கின்றன. நடுவில் இரண்டு வண்டி போகும் அகலம்தான். ஹெல்வி அன்று பள்ளிக்கூட வேலைக்கு மட்டம் போட்டாள். முதலில் டோரிஸிடம் போனோம். அவளும் ஹெல்வியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"வரலைடி," என்றாள் டோரிஸ். "நான் மறைச்சு வச்சு என்ன பண்ணப் போறேன்? காலைத் தபால் பாத்தேன். உன் பேர்ல எதுவும் இல்ல."

"தபால்ல ஏன் வரணும்? நான் போன்ல கட்டினேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் கவர்லதான் வருது."

"நீ திறந்துவிடேன். பணம் வரத்தானே போவுது."

"முதலாளி இருந்தா அவர் வாயால சொன்னாப் போதும். அவர் ஃப்ளோரிடாவுல வெயில் காயறாரு. கம்ப்யூட்டருக்கு மூஞ்சி பாத்துத் திறக்கத் தெரியாது. முழுத்தொகை ஏறினாத்தான் பூட்டு விடும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "டேங்குல எவ்வளவு இருக்கு?"

"முள்ளு பத்து சதவீதத்துக்குக் கீழ."

"சூட்டைக் குறைச்சு வை. அப்படியே எதிர்ல வங்கிக்குப் போய் அந்த மேனேஜரைக் கேளு."

தெருவைத் தாண்டினோம். வங்கி முன்பு எங்கள் ஊர்க்காரர்களுடையது. தெற்கேயிருந்து ஒரு பெரிய வங்கி விழுங்கியபிறகு பெயர்ப்பலகை மாறியது, கவுன்ட்டர்கள் நாலிலிருந்து ஒன்றாகின, கூடத்தில் கண்ணாடிக்குள் கேஸ் நெருப்பு எரிகிற ஒரு கணப்பும் தோல் சோபாக்களும் வந்தன. மேலாளர் டெரிக்கும் அவற்றோடு வந்தவன்தான். எங்கள் பகுதிக்கு வருகிற பெரிய பாலத்துக்குத் தெற்கேயிருந்து வந்த பையன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். பாஸ்டியை அப்படியே தின்னத் தெரியாமல் குழம்பு கேட்கிற வெளியூர் ரகம், அவ்வளவுதான்.

"உங்க பேமென்ட் செயலாக்கத்துல இருக்கு மேடம்," என்றான் திரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்படின்னா?"

"அந்த கேஸ் கம்பெனி நம்ம எலெக்ட்ரானிக் பட்டியல்ல இல்ல. அந்த மாதிரி இடங்களுக்கு உங்க சார்பா நாங்க செக் அனுப்புவோம். நெப்ராஸ்கா மாநிலத்துல அச்சடிச்சு, அங்கேருந்து தபால்ல வரும்."

ஹெல்வி கண்ணாடிச் சன்னல் வழியாக டோரிஸின் அலுவலகத்தைப் பார்த்தாள். டோரிஸ் அங்கே காபி ஊற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"தம்பி, நான் உங்க வாசப்படியில நின்னு துப்பினா அவ கண்ணாடியில விழும். இங்கேருந்து அங்க போறதுக்கு நெப்ராஸ்கா எதுக்கு?"

"அதுதான் நடைமுறை மேடம். அஞ்சுலேருந்து ஏழு வேலை நாள். நீங்க வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு மேல போட்டதால வெள்ளிக்கிழமைலேருந்து கணக்கு. சனி ஞாயிறு சேராது. வர்ற திங்கள் அரசு விடுமுறை. அதிகபட்சம் அடுத்த செவ்வாய்க்குள்ள போய்ச் சேர்ந்துடும்."

"விடுமுறைக்குக் குளிரும் லீவு எடுக்குமா?"

அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. சிரிக்கவில்லை.

"பணத்தை மட்டும் அன்னிக்கே எடுத்துட்டீங்களே."

"அது உடனே எடுத்தாகணும் மேடம். பாதுகாப்புக்காக."

"யாரோட பாதுகாப்புக்கு?"

ஹெல்வி இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றினாள். அவள் நகக்கண்களில் காலையில் பிசைந்த மாவு காய்ந்திருந்தது.

"சரி. எனக்கு இந்தச் சேவையே வேணாம். என் பணத்தைத் திருப்பிக் குடுங்க. நானே கையில எடுத்துக்கிட்டு ரோட்டத் தாண்டிக் கட்டிக்கறேன்."

"செக் தபால்ல போயாச்சு. இனிமே எங்க கையில ஒண்ணும் இல்ல மேடம்."

"பணம் எங்க இருக்கு?"

"வழியில இருக்கு."

"வழியில இருக்கிறது காயிதம். நான் கேக்கறது பணம். என் கணக்குலயும் இல்ல, அவ கணக்குலயும் இல்ல. நடுவுல யார் பையில தூங்குது?"

டெரிக் மறுபடியும் திரையைப் பார்த்தான். அதில் எதுவும் எழுதியிருக்காது என்று எனக்கே தெரியும். கார்லா கவுன்ட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்து, ஏற்கனவே அடுக்கிய நாணயச் சுருள்களை மறுபடி அடுக்கினாள்.

வெளியே வந்ததும் சொன்னேன். "என்கிட்ட முந்நூறு இருக்கு. இந்த வருஷம் பனியே சரியா விழல, இல்லைன்னா முழுசும் தருவேன். மீதிக்கு தேவாலயத்துல ஒரு வார்த்தை சொன்னா—"

"சொல்லாத."

"ஹெல்வி—"

"அவன் இடுப்பு உடைஞ்சப்ப ஊர் டப்பா தூக்கிச்சு, வாங்கிக்கிட்டேன். அது மரம் பண்ணின வேலை. இது அப்படியா? கட்டிட்டேன் ரூடி. கட்டினதுக்குப் பிச்சை எடுத்து மறுபடி கட்டுன்னா, நான் கட்டலைன்னு நானே ஒத்துக்கறேன்னு அர்த்தம்."

"உன் வீம்புல தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கும்."

"வெடிக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா வங்கிமேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம்.

மறுநாள் வெய்க்கோவைச் சவுனாவுக்கு மாற்றினோம். வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிற நீராவிக் குளியல் குடில் அது. எங்கள் பக்கத்து ஃபின்லாந்துக்காரர்கள் வீடு கட்டும் முன்பே சவுனாவைக் கட்டிவிடுவார்கள். அங்கே மட்டும் விறகு அடுப்பு உண்டு. வேட்டையாடிய மானை இழுத்துவருகிற சறுக்குப்பலகையில் அவனைக் கம்பளியால் சுற்றிப் படுக்கவைத்து, நான் முன்னால் இழுக்க, ஹெல்வி பின்னால் தள்ளினாள்.

"மெதுவாடா," என்றான் வெய்க்கோ. "செத்த மானுக்கே இதைவிட மரியாதை குடுப்ப."

"மான் இவ்வளவு பேசாது."

"எங்கம்மா என்னைப் பெத்ததும் இந்த மாதிரி ஒரு சவுனாவுலதான். செத்தாக் கழுவுறதும் இங்கதான். நடுவுல ஒரு தடவ வாடகைக்கு வந்திருக்கேன்னு வச்சுக்க."

உடை மாற்றும் சிறு அறையில் கட்டிலைப் போட்டோம். என் வீட்டு விறகில் பாதியைக் கொண்டுவந்து இறக்கினேன். ஏலக்காய் ரொட்டியும் காபியும் அங்கேயே. வெய்க்கோ படுத்தபடி கைக்கெட்டும் தூரத்தில் அடுப்புக்கு விறகு போடுவான். காட்டில் முப்பது வருஷம் மரம் சாய்த்தவன் ஒவ்வொரு கட்டையாக எண்ணி எண்ணிப் போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"இது ஆஷ் மரம். நல்லா எரியும்," என்றான் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்து. "எங்க வெட்டின?"

"உன் இடத்துலதான். நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

"திருட்டுப் பயலே," என்று சிரித்தான். அந்த வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

வீட்டில் சூட்டைக் குழாய் உறையாத அளவுக்கு மட்டும் வைத்தாள் ஹெல்வி. தினமும் கடையிலிருந்து வந்ததும் டேங்கின் மூடியைத் திறந்து முள்ளைப் பார்ப்பாள். பிறகு போனைப் பார்ப்பாள். 'செயலாக்கத்தில்' என்றே இருக்கும். வங்கித் தலைமையகத்தின் எண்ணுக்கும் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசி, எல்லாம் சரியாகவே நடக்கிறது என்று சொன்னாள்.

"அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ஹெல்வி. "தப்பு நடந்திருக்குன்னா யாராவது திருத்துவாங்க. சரியா நடக்கறத யாரு திருத்துவா?"

ஞாயிற்றுக்கிழமை டேங்க் வறண்டு அடுப்புச் சுடர் அணைந்தது. அன்று ஏரிப் பக்கமிருந்து காற்று வேறு. குழாய்த் தண்ணீரை வடித்திருக்கலாமே என்று பிற்பாடு கேட்டவர்கள் உண்டு. வடித்தோம். நானும் அவளும் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்துவிட்டோம். ஆனால் அது வெய்க்கோவின் தாத்தா கட்டிய வீடு. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு அறையைச் சேர்த்து, ஒரு குழாயை வளைத்து வைத்திருந்தது. சுவருக்குள் எந்த வளைவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை விடுமுறை. வங்கி உண்டா, தபால் உண்டா, ஒன்றும் இல்லை. குளிர் மட்டும் வேலைக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை பகலில் டோரிஸ் போன் பண்ணினாள். செக் வந்துவிட்டது. கையோடு கென்னியை அனுப்பினாள். டேங்க் ஒரு தரம் வறண்டால் கசிவு இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் நிரப்பலாம், அதற்குத் தனிக் கட்டணம். டோரிஸ் அதைப் பில்லில் எழுதவில்லை. கென்னி மண்டியிட்டுச் சோதித்து, நிரப்பி, அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். மாலைக்குள் வீடு கதகதப்பானது. வெய்க்கோவுக்கு ஹெல்வி படுக்கையைத் தட்டிப் போட்டாள். நான் நிலவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு மேலே வந்தேன்.

சமையலறைச் சுவரிலிருந்து முதலில் ஒரு சத்தம் கேட்டது. யாரோ உள்ளே பெருமூச்சு விட்ட மாதிரி. அப்புறம் மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் கொட்டியது. கூரை அட்டை ஊறித் தொங்கி மேஜைமேல் விழுந்தது. நான் ஓடிப்போய் மூடுவதற்குள் படுக்கை, தரை, பெட்டிகள் எல்லாம் நனைந்துவிட்டன. ஹெல்வி கணுக்கால் தண்ணீரில் தலையணையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்ப எவ்வளவு நாளாச்சு வேலை நாள் கணக்குல?" என்று கேட்டாள்.

மறுநாள் வங்கியில் டெரிக் அவளுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டான். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். ஏழாவது வேலை நாளில் போய்ச் சேர்ந்திருக்கிறது. தாமதமாகியிருந்தால் தாமதக் கட்டணத்தை வங்கியே ஏற்கும். தாமதமே ஆகவில்லை.

"எல்லாம் நேரத்துக்கு நடந்திருக்கு மேடம்."

வீட்டுக் காப்பீட்டுக்காரன் இன்னும் ஒரு படி மேலே போனான். சூடில்லாமல் வீட்டை விட்டது உங்கள் கவனக்குறைவு என்று எழுதிவிட்டான். எரிகிற வீட்டில் பிடுங்குகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். உறைகிற வீட்டிலும் பிடுங்குவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம்தான் வானம் பிளந்துகொண்டு பனி கொட்டியது. வங்கி வாசலைச் சுத்தம் செய்கிற ஒப்பந்தம் என்னுடையது. விடியுமுன் போனேன். பலகையை இறக்கி, தெருப்பனி மொத்தத்தையும் வாரி, வங்கிக் கதவின்மேல் நெஞ்சுயரத்துக்குச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் காபி குடித்தேன். எட்டு மணிக்கு அந்தப் பக்கம் வந்தால், கார்லா சிறு மண்வாரியை வைத்துக்கொண்டு தனியாக அள்ளிக்கொண்டிருக்கிறாள். டெரிக் அன்று வரவேயில்லை. பனி என்பதால் வீட்டிலிருந்தே வேலையாம்.

"நீங்கதானே மாமா?" என்றாள், நிமிராமல்.

எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை. நான் இறங்கி மண்வாரியை வாங்கிக்கொண்டேன். அவள் கையுறை நனைந்து விறைத்திருந்தது.

"அத்தை என்கூடப் பேச மாட்டேங்கறாங்க."

"உன்மேல கோபம் இல்ல."

"எனக்கே என்மேல கோபம். அலைய வேணாம்னுதானே சொன்னேன்."

பிப்ரவரியிலும் இருவரும் சவுனாவிலேயே குடியிருந்தார்கள். எந்த அறையில் மனிதர்கள் குளித்துவிட்டு வெளியேறுவார்களோ அந்த அறையில் சமைத்து, உண்டு, உறங்கினார்கள். வெய்க்கோ நாலுகால் ஊன்றுநடையைப் பிடித்துப் பத்தடி நடக்கப் பழகினான். ஹெல்வி இரண்டு சம்பளத்தைச் சேர்த்துவைத்தாள். குழாய் வாங்கிக் கொடுத்தால் கூலி அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று குழாய்க்காரர் ஒத்துக்கொண்டார். அவருக்கு ஒழிவு கிடைத்தது ஒரே ஒரு புதன்கிழமை. அதை விட்டால் ஏப்ரல்தான்.

முந்தின நாள் செவ்வாய்க்கிழமை, இரும்புக்கடையில் குழாய்களையும் இணைப்புகளையும் என் வண்டியில் ஏற்றி முடித்திருந்தேன். ஹெல்வி வங்கி அட்டையை நீட்டினாள். மறுத்தது. மறுபடி தேய்த்தார்கள். மறுபடி மறுத்தது. அவள் போனைத் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன?"

போனை என்னிடம் கொடுத்தாள். போன வியாழக்கிழமை. அறுநூறு டாலர். பணம் எடுக்கப்பட்டது. செயலாக்கத்தில். ஜனவரியில் போனில் போட்டுக்கொடுத்தபோது கார்லா ஒரு கட்டத்தில் 'மாதந்தோறும்' என்று அமுக்கியிருக்கிறாள். இரண்டு மாதத் தொகை, இனி ஒவ்வொரு மாதமும். கேஸ் எரியாத வீட்டுக்கு. அந்தக் கலவரத்தில் யாருக்கு நினைவிருக்கும்? கம்ப்யூட்டருக்கு இருந்தது. எடுக்கிற வேலையில் அது ஒரு நாளும் தவறாது.

குழாய்களை நானே திருப்பி இறக்கினேன். ஹெல்வி வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"வீட்டுக்கு விடு. அவனை ஏத்தணும்."

"யாரை?"

"என் புருஷனைத்தான். வேற யாரை?"

அரைமணியில் வங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். வெய்க்கோ ஊன்றுநடையோடு அங்குலம் அங்குலமாக உள்ளே போனான். பின்னால் ஹெல்வி, கையில் கம்பளி, தலையணை, காபிக் குடுவை, ஒரு பை நிறையப் பாஸ்டி. கணப்புக்குப் பக்கத்தில் இருந்த நீள சோபாவில் அவனைச் சாய்த்து, கால்மேல் கம்பளியைப் போர்த்தினாள். கடையில் செய்கிற அதே கைப்பழக்கத்தோடு பாஸ்டிகளை அங்கிருந்த கண்ணாடி மேஜைமேல் வரிசையாக அடுக்கினாள்.

டெரிக் அறையிலிருந்து வந்தான்.

"மேடம், நான் ஏதாவது உதவி செய்யலாமா?"

"வேணாம் தம்பி. எங்க பணம் இங்கதான் இருக்காம். அது இருக்கிற இடத்துல நாங்களும் இருக்கோம். அது கிளம்பறப்ப சொல்லுங்க, நாங்களும் கிளம்பறோம்."

"இங்க தங்க அனுமதி இல்ல மேடம்."

"அதுக்கு மட்டும் அனுமதி உண்டா? வாரக்கணக்கா சும்மா படுத்திருக்கு. வாடகை கேட்டீங்களா?"

"நல்ல சூடு," என்றான் வெய்க்கோ, கண்ணை மூடியபடி. "இது யார் கேஸ்?"

"டோரிஸ் ஆபீஸ் கேஸ்தான்," என்றேன்.

"இவங்க பில்லு எப்படிக் கட்டறாங்களாம்? இவங்க செக்கும் நெப்ராஸ்கா போய்த்தான் வருதா?"

கவுன்ட்டரில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிறிய ஊர். செய்தி ஓட அரைமணி போதும். எதிரிலிருந்து டோரிஸ் வந்தாள். கென்னி லாரியை வங்கி வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தான். பாஸ்டிக் கடை முதலாளியம்மா இன்னொரு தட்டு அனுப்பினாள். அப்புறம் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கதை இருந்தது. ஒருவருக்கு டிரக் தவணை, ஒருவருக்கு வீட்டு வரி, ஒருவருக்கு மகனின் கல்லூரிக் கட்டணம். எல்லாருடைய பணமும் ஒரு தரம் 'வழியில்' இருந்திருக்கிறது. எல்லாரும் தன் தப்பு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு அபராதம் கட்டியிருக்கிறார்கள். இத்தனை நாள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள் இதைப் பேசிக்கொண்டதேயில்லை.

டெரிக் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் பண்ணினான். வந்த காவலர் வெய்க்கோவோடு மான் வேட்டைக்குப் போகிறவர். தொப்பியைக் கழற்றினார். ஒரு பாஸ்டியைக் கடித்தார்.

"அடிதடி எதாவது நடந்துதா?"

"இல்ல சார்," என்றான் டெரிக்.

"இவங்க உங்க வாடிக்கையாளர்தானே?"

"ஆமா. ஆனா—"

"வாடிக்கையாளர் பகல்ல வங்கியில உக்காந்திருக்காங்க. இதுக்கு நான் எந்தச் சட்டத்தத் தேடறது?"

அறையே அவனைப் பார்த்தது. அவன் காதுகள் சிவந்தன. உள்ளே போய்க் கதவைச் சாத்தாமலே போனில் பேசினான். பிறகு கார்லாவின் பக்கம் வந்து, அவளை நகரச் சொல்லி, அவள் திரையில் ஏதோ தட்டினான். கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஹெல்வியின் மடியிலிருந்த போன் ஒரு முறை சிணுங்கியது.

அவள் எடுத்துப் பார்த்தாள். எட்டிப் பார்த்த டோரிஸ், "வந்துடுச்சு," என்றாள். "முழுசும் வந்துடுச்சு." கென்னி கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன். குழாயை மறுபடி வண்டியில் ஏற்றினால் நாளைக்கே வேலையை ஆரம்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெல்வி மட்டும் கை தட்டவில்லை.

"தம்பி, செக் தபால்ல போகலையா?"

"போயிடுச்சு மேடம். அதை ரத்து பண்ணிட்டேன். பணத்தை உங்க கணக்குல திருப்பி ஏத்திட்டேன்."

"இப்பதான் புதுசா வந்த வசதியா?"

"இல்ல, கிளை மேலாளருக்கு அந்த அதிகாரம் எப்பவுமே உண்டு." அவனுக்கு நிம்மதியாக இருந்தது போலும். கேட்டதற்கு உண்மையைச் சொன்னான். "வழக்கமா பெரிய கணக்கு வச்சிருக்கறவங்க கேட்டாப் பண்ணிக் குடுப்போம்."

"ஜனவரியில நான் கேட்டேன்."

கார்லா கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணப்புக்குள் நெருப்பு சத்தமில்லாமல் எரிந்தது.

"கால் நிமிஷ வேலை. இவ்வளவுதானா?" என்றாள் ஹெல்வி.

நான் அவள் தோளைத் தொட்டு, "வா, கடை மூடறதுக்குள்ள குழாயை வாங்கிடலாம்," என்றேன். வெய்க்கோ ஊன்றுநடையைத் தேடிக் கையை நீட்டினான். ஹெல்வி அதை எடுத்துச் சுவரோரமாக, அவனுக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள். கம்பளியை அவன் கழுத்து வரை இழுத்துவிட்டாள். பிறகு குனிந்து தன் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"படுத்துக்க வெய்க்கோ," என்றாள். "நாம எங்கயும் போகல."